ஸ்பிரிங்குக்கு ஓய்வு வேண்டுமா?

எங்கள் காரியாலயத்தில் தபால் பிரிக்கும் பையன் மகா கெட்டிக்காரன். கடிதத்தின் முதல் வரியைப் படித்தாலே போதும். கதையா, கவிதையா, சந்தா வரவில்லை என்ற புகாரா என்று தெரிந்துகொண்டு அந்தந்த மேஜையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். சென்ற மாதம் ஒரு கடிதத்தை நேரே மானேஜரிடம் கொண்டுபோய் வைத்தான். அதன் முதல் வரி இது: "மாகஸினை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்கிறார்களே, வாஸ்தவமா?"

பத்திரிகையை விளம்பரங்களால் நிரப்பிவிட்டதாக யாரோ வாசகி சாமர்த்தியமாகக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, மானேஜர் பதிலுக்கே தயாராகிவிட்டார். இரண்டாவது வரியில் தோட்டா வந்தது. மூன்றாவது வரியில் பிஸ்டல் வந்தது. மானேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது உமக்கு ஐயா" என்று கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். யாருக்கும் வேண்டாத சந்தேகங்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் இந்தப் பகுதிதானே?

கடிதம் எழுதிய அம்மாளுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சென்னையில் சொந்த வீடு. அவர் உத்தரவின் பேரில் பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்:

"தம்பி, இவரிடம் லைசென்ஸ் உள்ள 0.32 பிஸ்டல் ஒன்று 38 வருஷமாக இருக்கிறது. அது வீட்டுக்கு வந்த சமயம் என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். எந்த அலமாரி திறந்திருந்தாலும் அதில் அவன் தலை இருக்கும். எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது. 'ஏங்க, தோட்டாவை எடுத்து வையுங்க' என்று கெஞ்சினால், 'எனக்குத் தெரியாதா?' என்பார். ஒருநாள் வீட்டுக்கு டீ சாப்பிட வந்த ஹவில்தார் ஒருவர், மாகஸினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'ஸ்பிரிங் போய்விடுமாமே' என்று அன்று ராத்திரியே சொன்னேன். மறுபேச்சில்லாமல் தோட்டாவையெல்லாம் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். பெண்டாட்டி பேச்சைக் கேட்காவிட்டாலும் மெஷின் பேச்சைக் கேட்பார் என்று அன்று தெரிந்துகொண்டேன். பிஸ்டல் ஒரு பீரோவில், தோட்டா வேறொரு பீரோவில், சாவி என் இடுப்பில். எலெக்‌ஷன் வந்தால் பிஸ்டல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அந்த ஒரு மாசம் நான் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுப்பேன்.

"இப்போது இன்ஜினீயரிங் படிக்கிற என் பேரன், மகள் பிள்ளை, லீவுக்கு வந்தவன், 'தாத்தா, அதெல்லாம் கட்டுக்கதை. ஸ்பிரிங் ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டான். இவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பயமாக இருக்கிறது. வருகிற மாதம் மகன், பெங்களூரிலிருந்து தன் பெண்ணைக் கூட்டி வருகிறான். அவளுக்கு 3 வயது. அவள் அப்பனைப்போலவே அலமாரிப் பைத்தியம். பேரன் சொல்வது நிஜமா? நிஜமாக இருந்தாலும் ஸ்பிரிங் கெட்டுப்போகும் என்றே எழுதிவிடு தம்பி. இவர் உன் பகுதியைப் படிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டு வாராவாரம் படிக்கிறார்."

படித்து முடித்ததும் எனக்கு இரண்டு கவலைகள். பேரன் சொன்னது சரியாக இருந்துவிடப் போகிறதே என்பது முதல் கவலை. சரியாக இருந்தால் என்ன எழுதுவது என்பது இரண்டாவது.

முதலில் இந்த மாகஸின் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, பிஸ்டலின் கைப்பிடிக்குள் அடியிலிருந்து டக்கென்று ஒரு தகரப் பெட்டியைச் செருகுவார்களே, அதுதான். பெட்டியின் அடியில் ஒரு ஸ்பிரிங். அதன் தலையில் ஒரு சிறு தட்டு. தட்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்கள். பெட்டியின் வாய் இருபுறமும் உதடுபோல் மடிந்து, மேல் தோட்டா வெளியே துள்ளிவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சுட்டதும் மேலே ஓர் இடம் காலியாகிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்ததும் பின்னால் காத்திருந்தவர் சட்டென்று உட்கார்கிறாரே, அதுபோல ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுகிறது. தள்ளுவதில் கொஞ்சம் சுணங்கினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். போர்முனையில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஒரு ஸ்பிரிங்கைப் பற்றி உலகத்திலுள்ள சிப்பாய்களெல்லாம் கவலைப்படுகிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் பண்டகசாலை. அது ஐரோப்பாவுக்குப் போய் மாகஸின் ஆயிற்று. முதலில் வெடிமருந்துக் கிடங்குக்கும், பிறகு துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர், பல விஷயங்களையும் சேர்த்துவைக்கும் கிடங்கு என்ற அர்த்தத்தில் தம் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆக, எங்கள் தபால் பையன் செய்ததை முழுத் தவறென்று சொல்ல முடியாது. நம் ஊர்க் கஜானாவும் அதே அரபு வேரிலிருந்து முளைத்ததுதான். ஆனால் கஜானாவை எப்போதும் நிரப்பியே வைத்தால் கெட்டுப்போகுமா என்ற கவலை எந்த நிதி மந்திரிக்கும் வந்ததில்லை.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளில் பலரிடம் இந்தக் க்ஷணமே அழுத்தப்பட்ட ஸ்பிரிங் ஒன்று இருக்கும். தாலிச் சரட்டிலோ வளையலிலோ தொங்குகிற ஊக்கைத்தான் சொல்கிறேன். ஊக்கின் கோடியில் கம்பி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறதே, அதுதான் ஸ்பிரிங். ஊக்கைப் பூட்டியதும் அது அழுந்திவிடுகிறது. வருஷக்கணக்காகப் பூட்டியே கிடந்த ஊக்கைத் திறந்து பாருங்கள். 'படக்'கென்று துள்ளித் திறக்கும். பூட்டி வைத்ததனால் அது சோர்ந்துபோகவில்லை. ஆனால் அவசரத்தில் கம்பியை அகல விரித்துப் பாருங்கள். ஒரே தடவைதான், பிறகு அது ஊக்கு அல்ல, வளைந்த கம்பி. மழைக்காலத்தில் ஈரச் சேலையிலேயே விட்டுப் பாருங்கள். துருப்பிடித்து முறிந்து நிற்கும். துப்பாக்கி மாகஸினின் கதையும் முக்காலே மூன்று வீசம் இதுதான்.

ஊக்கைச் சும்மா உதாரணத்துக்கு இழுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு 1849-இல் பேடண்ட் வாங்கிய அமெரிக்கர் வால்ட்டர் ஹண்ட், அதே 1849-இல் ஒரு துப்பாக்கிக்கும் பேடண்ட் வாங்கினார். குழலுக்கு அடியில் இன்னொரு குழல். அதற்குள் வரிசையாகத் தோட்டாக்களும், அவற்றைத் தள்ள ஒரு சுருள் ஸ்பிரிங்கும். பின்னாளில் வின்செஸ்டர் என்று பெயர்பெற்ற துப்பாக்கிகளுக்கு அது முன்னோடி. ஊக்குக்கும் இந்தத் தோட்டாக் குழலுக்கும் ஒரே மனிதர் ஒரே வருஷத்தில் பேடண்ட் வாங்கியிருக்கிறார்! ஊக்கின் உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன்பே தையல் மெஷின் ஒன்றும் செய்தார். தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்களின் வாயில் மண் விழுமே என்று மகள் தடுத்ததால் அதற்குப் பேடண்டே வாங்கவில்லை என்று சொல்வார்கள். பணம் சேர்க்கத் தெரியாத மனிதர். மேதாவிகளை மணந்துகொண்ட பெண்களுக்கு இது புதிதாக இராது.

எஃகுக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஓர் எல்லைக்குள் எவ்வளவு அழுத்தினாலும் இழுத்தாலும், விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கு விசையோடு எதிர்க்கும். இதைக் கண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். சொன்ன விதம்தான் வேடிக்கை. 1676-இல், விதியைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துக்களை அகராதி வரிசையில் கலைத்துப்போட்டு, புதிர் மாதிரி அச்சிட்டுவிட்டார். ஸ்பிரிங் வைத்த கடியாரம் செய்வதில் அப்போது ஏகப்பட்ட போட்டி. கண்டுபிடித்தது நான்தான் என்று பின்னால் நிரூபிக்கவும் வேண்டும், அதுவரை மற்றவர்களுக்கு ரகசியம் தெரியவும் கூடாது! இரண்டு வருஷம் கழித்து, 1678-இல்தான் புதிரை அவரே அவிழ்த்தார்.

அந்த எல்லையைத் தாண்டினால்தான் வினை. கம்பி நிரந்தரமாக வளைந்துவிடும். நல்ல மாகஸினில், தோட்டா முழுவதும் போட்டாலும் ஸ்பிரிங் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். இன்னொரு முன்ஜாக்கிரதையும் உண்டு. சுருள் சுற்றி முடித்ததும் ஸ்பிரிங்கைச் சில தடவை முழுக்க அழுத்தி எடுப்பது தொழிற்சாலை வழக்கம். புதிதில் அது கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து தீர்த்துவிடும். வெகுகாலம் அழுந்தியே கிடந்தால் விசை துளிக்கூடக் குறையாதா என்று பேரன் போன்றவர்கள் கேட்கலாம். துளி குறையும். அதிலும் பெரும்பகுதி ஆரம்ப நாட்களிலேயே குறைந்துவிடும். பிறகு வருஷங்கள் போனாலும் மாறுதல் மிக மிகச் சொற்பம். சூடு அதிகமானால் கதை வேறு. பீரோவுக்குள் அவ்வளவு சூடு எங்கே இருக்கிறது?

அப்படியானால் ஸ்பிரிங் எதனால்தான் சாகிறது? புஸ்தகத்தில் படித்ததை ஊர்ஜிதம் செய்துகொள்ள, காரியாலயத்துப் பின்சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். (துப்பாக்கி என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. ஸ்பிரிங் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சந்தில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் இருக்கிறது.) அவர் கையில் ஒரு கார் இன்ஜினின் வால்வு ஸ்பிரிங் இருந்தது. "அமுக்கி வெச்சா ஒண்ணும் ஆவாது ஸார். ஆடிக்கினே இருந்தாத்தான் போவும்" என்றார். பெரிய புஸ்தகங்களில் 20 பக்கத்தில் இருப்பது அவ்வளவுதான்!

இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் நிமிஷத்துக்கு 1,500 தடவை அழுந்தி எழுகிறது. மணிக்கு 90,000 தடவை! அப்படியும் அது வருஷக்கணக்கில் உழைக்கிறது. நாலு சிலிண்டர் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறோம். ஏதாவது ஒரு வால்வாவது திறந்தபடி, அதாவது அதன் ஸ்பிரிங் அழுந்தியபடி, நின்றிருக்கும். ஆறு மாதம் கழித்து வந்து காரைக் கிளப்ப முடியவில்லை என்றால் பாட்டரியைத்தான் திட்டுகிறோம். வால்வு ஸ்பிரிங்கைத் திட்டியவர் யாரும் இல்லை.

இனி நம் அம்மாள் வீட்டுக் கணக்கைப் போடலாம். சுபேதார் வாரம் தவறாமல் மாகஸினை நிரப்பிக் காலி செய்திருந்தாலும், 38 வருஷத்தில் 1,976 தடவைதான். வால்வு ஸ்பிரிங் அதை ஒன்றரை நிமிஷத்துக்குள் செய்து முடித்துவிடும். ஆக, நிரப்பி நிரப்பிக் காலி செய்தாலும் கெடாது, நிரப்பியே வைத்தாலும் கெடாது. உலோகம் களைப்பது என்பது ஆயிரமாயிரம் தடவை போய் வந்து போய் வந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு முறிவதுதான். ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே இன்ஜினீயர், ரயில் அச்சுக்கள் திடீர் திடீரென்று முறிவது ஏன் என்று அறிய, சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் வருஷக்கணக்கில் இதையே ஆராய்ந்தார்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலர், மாதம் ஒருமுறை ஒரு மாகஸினைக் காலி செய்து, 'இது இந்த மாதம் ஓய்வெடுக்கட்டும்' என்று வைத்துவிட்டு வேறொன்றை நிரப்புவார்களாம். ஸ்பிரிங்குக்கு ஓய்வு தேவையே இல்லை. காலையில் ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்து ராத்திரி பத்துக்கு அடுக்களையைக் கழுவிவிடுகிறவர்களைச் சுற்றுமுறை வைத்து ஓய்வெடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! உலகப் போர்க் காலத்தில் நிரப்பப்பட்டு, பெட்டியில் மறந்துபோய்க் கிடந்த மாகஸின்கள் பல்லாண்டுக்குப் பிறகும் ஒழுங்காக வேலை செய்ததாக அந்த நாட்டுத் துப்பாக்கிப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஹவில்தார் பொய் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. ராணுவத்தில் இந்த நம்பிக்கை வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நம் இந்தியச் சிப்பாய்களும் தூக்கிச் சுமந்த பிரென் துப்பாக்கியின் மாகஸினில் 30 தோட்டா பிடிக்கும். ஆனால் 28 போட்டால் போதும் என்பதே வழக்கம். வியட்நாம் யுத்தத்தில் எம்-16 வைத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலர், 20 பிடிக்கும் இடத்தில் 18 போட்டார்கள். 'ஸ்பிரிங் கெட்டுவிடும்' என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வாய் வரை திணித்த மாகஸின் துப்பாக்கியில் சரியாக அமராமல் போகலாம், தோட்டா சிக்கலாம் என்பதே உருப்படியான காரணம். டிபன் டப்பாவில் கழுத்து வரை தயிர் சாதத்தை அமுக்கினால் மூடி போட முடியாதே, அந்த மாதிரி.

நிரப்பி வைப்பதால் தொல்லையே இல்லை என்றும் நான் எழுதிவிட மாட்டேன். மாகஸினை மிகக் குட்டையாகச் செய்து அதற்குள் நிறையத் தோட்டா கொள்ள வேண்டுமென்று ஆசைப்பட்டால், ஸ்பிரிங் அதன் எல்லையை ஒட்டியே நிற்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டது சீக்கிரம் தளரும். சில சமயம் ஸ்பிரிங் திடமாக இருக்க, அது முட்டி முட்டிப் பெட்டியின் உதடுகள் விரிந்துவிடும். பிளாஸ்டிக் மாகஸின் செய்யும் அமெரிக்காவின் மாக்புல் கம்பெனி, இதற்காகவே மேலே மாட்டும் மூடி ஒன்றைக் கொடுத்தது. மாட்டினால் தோட்டா சற்றுக் கீழே அழுந்தி, உதடுகளின்மேல் பாரம் இல்லாமல் போகும். நம் ஊரில் இதையெல்லாம்விடப் பெரிய சத்துரு கடற்காற்று. துருப்பிடித்த ஸ்பிரிங்கை எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

ஆக, பேரன் சொன்னது சரி. அம்மா, மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்ட பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் முழுக்க உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த ஒரு வாரம் பொய் சொன்னால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் பாருங்கள், 38 வருஷமாக உங்கள் வீட்டு அலமாரிக்குப் போட்டிருந்த தாழ்ப்பாள் ஒரு தவறான தகவல். அதை ஒரு கல்லூரிப் பையன் லீவுக்கு வந்த இடத்தில் ஒரே வாக்கியத்தில் திறந்துவிட்டான். நான் இன்னொரு ஆணி அடித்தால், அடுத்த லீவில் அதையும் பிடுங்கிவிடுவான்.

மெஷின் பேச்சைக் கேட்பவர் என்றீர்களே, சுபேதார் ஐயாவுக்கு மெஷின் விஷயமாகவே ஒன்று சொல்கிறேன். அவருக்குத் தெரிந்ததுதான், உங்களுக்கும் தெரியட்டும். மாகஸினை வெளியே எடுத்துவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பது, ஸ்பிரிங் நம்பிக்கையைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தான நம்பிக்கை. குழலின் அடியில், சுடுவதற்குத் தயாராக ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கலாம். மாகஸினை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். பெரும்பாலான பிஸ்டல்கள் மாகஸின் இல்லாமலே அந்த ஒன்றைச் சுட்டுவிடும். முதலில் மாகஸினை எடுக்க வேண்டும். பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் காலி செய்த இடத்துக்கு மாகஸினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். முனை யார் பக்கமும் இருக்கக் கூடாது, டிரிக்கரில் விரலும் கூடாது. குழந்தை வருவதற்கு முந்தின நாள், இதை உங்கள் கண்ணெதிரில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் இதுவரை பார்த்திருப்பது மாகஸினைத்தானே?

தோட்டாவை வேறு பீரோவில் பூட்டுவதற்கும் ஸ்பிரிங்குக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் கிடையாது. 3 வயதுக் குழந்தைக்கு டிரிக்கர் என்பது சுவரிலிருக்கும் ஸ்விட்சைப் போல இன்னொன்று. அழுத்தினால் என்ன ஆகிறது பார்க்கலாம் என்பதுதான் அந்த வயதின் முழு விஞ்ஞானமும். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளில், லைசென்ஸ் கேட்கிறவர் பத்திரமாக வைத்திருப்பதையும் சேர்த்துப் பயிற்சி பெற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது புதிதாகக் கேட்பவர்களுக்கு. உங்கள் வீட்டிலோ 38 வருஷமாக அமலில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு எனக்கே உறுத்தியது. வீட்டு ரகசியத்தைப் பத்திரிகையில் போட்டு அவர் கையில் கொடுப்பதா? அதனால் அச்சுக்குக் கொடுக்குமுன், ஒரு பிரதி எடுத்து அந்த அம்மாளுக்கே அனுப்பி, சம்மதமா என்று கேட்டேன். பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் வந்தது. உறையின்மேல் எழுத்து வேறு. நிமிர்ந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் இருந்தது.

"ஐயா, தங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். பிரென்னில் 28 போடுவதற்கு முக்கியக் காரணம் தோட்டாவின் விளிம்பு. பழைய 303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி ஒவ்வொன்றையும் வைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சிக்கும். இதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். மற்றபடி சரி.

"நான் 6 வருஷம் ஆயுதப் பயிற்சி கொடுத்தவன். நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் உட்காராது என்று ஒவ்வொரு பாட்ச் ஜவானுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஹவில்தார் என் வகுப்பில் தூங்கியிருக்க வேண்டும். அன்று ராத்திரி என் மனைவி வந்து சொன்னபோது, தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். இடுப்பில் பையன் இருந்தான். அவன் என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்துவிட்டேன்.

"மேல்பாகத்தை இழுத்துக் காட்டும் டிரில்லை ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டினேன். என் மனைவி இரண்டு தடவை செய்யச் சொன்னாள். கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அச்சிடலாம்."

கையெழுத்துக்குக் கீழே, காகிதத்தின் ஓரத்தில், பென்சிலால் நுணுக்கி நுணுக்கி இன்னொரு கை எழுதியிருந்தது:

"சாவி என்னிடம்தான் இருக்கிறது தம்பி. குழந்தை வெள்ளிக்கிழமை வருகிறாள்."